பாடான் மூக்கா

என் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் கோகிலாவைப் பற்றிச் சொன்னால் பாதிதான் புரியும்.

அந்தக் காலத்தில் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் தெருவில் எவன் விழுந்தாலும் எனக்குத்தான் முதலில் தெரியும். விழுந்தவனுக்கே அப்புறம்தான் தெரியும். ஆளுக்குத் தகுந்தபடி ஒரு சொல் தயாராக வைத்திருப்பேன். சும்மா விழுந்தவனுக்கு ‘நல்லா வேணும்’. கொஞ்சம் ஆடிவிட்டு விழுந்தவனுக்கு ‘ஆடுன ஆட்டத்துக்கு இது போதாது’. நகை நட்டோடு மினுக்கிவிட்டு விழுந்தவளுக்கு ‘வேணும் கட்டைக்கு வேணும், வெங்கலக் கட்டைக்கு வேணும்’. ரொம்பவும் பிடிக்காதவர்கள் விழுந்தால் வாயைத் திறக்கவே மாட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு காப்பி போட்டு நிதானமாகக் குடிப்பேன். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கும். அந்தக் காப்பிக்குச் சர்க்கரைகூட வேண்டாம்.

ராஜரத்தினம் வாத்தியார் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மக்கு என்பார். அவர் மகனே பரீட்சையில் தோற்றபோது குழாயடியில் நான் அந்தச் செய்தியைக் குறைந்தது பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன். சுப்பையன் புது சைக்கிள் வாங்கி, மணியை அடித்துக்கொண்டே தெருவை மூன்று சுற்று சுற்றினான். நான்காவது சுற்றில் லோங்கானில் போய் விழுந்தான். சாக்கடையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். சேற்றோடு எழுந்து நின்றவனைப் பார்த்துத் தெருவில் இருந்த அத்தனை பசங்களும் கைதட்டி “பாடான் மூக்கா! பாடான் மூக்கா!” என்று கத்தினார்கள். நானும் வாசலில் நின்று தட்டினேன். முப்பது வயதுக்காரி, கையில் பிள்ளை வேறு.

தமிழில் இதற்கு எத்தனையோ சொல் இருந்தாலும், மலாயில் இந்த ஒன்று போதும். பாடான் என்றால் பொருத்தம். மூக்கா என்றால் மூக்கு இல்லை, முகம். முகத்துக்குப் பொருத்தம் என்று எழுத்துக்கு எழுத்து அர்த்தம். ஆனால் சொல்லுகிறபோது அது இல்லை அர்த்தம். பட்டாயா, உன் மூஞ்சிக்கு இது தேவைதான், இன்னும் படு என்று அர்த்தம். மலாக்காவில் பிறந்த பிள்ளை பால் குடிக்கும்போதே இதைக் கற்றுக்கொண்டுவிடும். நான் மலாக்காவில் பிறந்தவள். கோகிலா அப்படி இல்லை.

கோகிலா ஐம்பதாம் வருடக் கடைசியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தாள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்த கல்யாணப் பெண். புருஷன் கலியாணசுந்தரமும் அந்தப் பக்கத்து ஆள்தான், சின்ன வயதிலேயே வந்துவிட்டவர். ஊருக்கு வெளியே பத்து பெரெண்டாம் என்கிற இடத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் வளர்ந்தவள். இவள் வீட்டுக்குள் வந்த நேரம்தான் எல்லாம் போச்சு என்று அண்ணி தினமும் பாட்டுப் பாடுவாளாம். ஊருக்குத் திரும்பிப் போக ஆசையா என்று ஒருமுறை கேட்டேன். “அந்த ஊருக்கா? தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்க்கா” என்றாள்.

அவளுக்குத் தையல் தெரியும். அங்கேதான் எனக்கு வினை வந்தது. ஏனென்றால் நானும் தைக்கிறவள்.

எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் சிட்டி கம்பம், அதாவது சிட்டிகள் குடியிருப்பு. சிட்டிகள் நம்மைப்போல் மாரியம்மனைக் கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள், பெயரும் நம் பெயர்தான். எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து இங்கேயே கலந்துவிட்டவர்கள். பேசுவது மட்டும் மலாய். அந்தப் பெண்கள் போடுகிற கெபாயா, இடுப்பில் ஒட்டி, முன்னால் இரண்டு முனையும் கூராக இறங்கி நிற்கும் சட்டை. ஒரு நூல் பிசகினாலும் தொங்கிவிடும். கம்பத்துக் கெபாயாக்களில் பாதிக்கு மேல் என் மிஷினில்தான் தைத்தேன். கோகிலா கப்பலை விட்டு இறங்கும்வரை கெபாயாவைக் கண்ணால் பார்த்ததில்லை. வந்த இரண்டாம் மாதம் பழைய கெபாயா ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி, தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பி மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்காவது நாள் திரும்பத் தைத்துவிட்டாள். அளவுநாடா கிடையாது, முடிச்சுப் போட்ட ஒரு கயிறுதான். கோடு போட, தேய்ந்த சவுக்காரத் துண்டு. வேலை செய்யும்போது வாய் நிறையக் குண்டூசி இருக்கும். அப்படியே பேசவும் செய்வாள், ஒரு ஊசிகூட விழாது.

நாலு வருடமாக என்னிடம் தைத்துக்கொண்டிருந்த சந்திரமதி காக்கா ஒருநாள் துணியைத் தூக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டி அவள் வீட்டுக்குள் போனாள். சந்திரமதி சிட்டி கம்பத்துப் பெரிய மனுஷி. மலாயில் அக்காவுக்குக் காக்கா என்பார்கள். அன்றைக்கு எனக்கு நிஜக் காக்காயைப் பார்த்த மாதிரி எரிந்தது.

இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் கோகிலா என்னிடம் வந்தாள்.

“அக்கா, உங்களுக்கு நல்லாப் பொருந்துதுன்னு மலாய்ல எப்பிடிச் சொல்றது? நாளைக்கு அந்தம்மா போட்டுப் பாக்க வருது. வாய மூடிட்டு நிக்க வெக்கமா இருக்கு.”

என் வாய்க்கு யோசிக்கவே நேரம் தேவைப்படவில்லை.

“பாடான்னா பொருத்தம். மூக்கான்னா முகம். பாடான் மூக்கான்னு சொல்லு. முகத்துக்கு அப்பிடியே பொருந்துதுன்னு அர்த்தம்.”

“மூக்கான்னா மூக்கு இல்லையாக்கா?”

“மூக்கு, கண்ணு, வாயி எல்லாம் சேந்த மூஞ்சிடி.”

“பாடான் மூக்கா, பாடான் மூக்கா” என்று பாடம் செய்துகொண்டே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் போனாள். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை என் ஆயுளில் நான் சொன்னதும் இல்லை.

மறுநாள் எங்கள் பின்வாசலில், கோகிலா வீட்டு ஜன்னலுக்கு நேரே, அரிசி களைகிற சாக்கில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் களைந்தேன், அரிசி பாவம். சந்திரமதி காக்கா கெபாயாவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். கோகிலா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேலைத் தலைப்பில் குத்தினாள். இரண்டடி பின்னால் போய் நின்றாள். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.

“பாடான் மூக்கா, காக்கா!”

போச்சு, துணி முகத்தில் பறக்கப்போகிறது என்று நான் பானையோடு எழுந்து நின்றேன். அப்புறம் ஒரு சிரிப்பு கேட்டது பாருங்கள்! சந்திரமதி காக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சாரோங் அவிழ்ந்துவிடும்போல் சிரித்தாள். புதுக் கெபாயாவில் ஒரு தையல் விட்டுப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பியவள், வேலிக்கு இந்தப் பக்கம் பானையோடு நிற்கும் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கோகிலா இதை எங்கே கற்றாள் என்று புரிந்துகொண்டாள். ஆனால் கோகிலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கம்பத்தில் போய் என்ன சொன்னாளோ, அடுத்த வாரமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணிடம் தைத்தால் கடைசியில் பாடான் மூக்கா என்று சொல்லுவாள், அந்தச் சிரிப்பைப் பார்க்கவே போகலாம் என்று. யாரும் அவளுக்கு அர்த்தம் சொல்லக்கூடாது என்று சந்திரமதி காக்காவின் கட்டளையாம். டத்தோ சாச்சார் என்று அவர்கள் சொல்லும் மாரியம்மன் திருவிழாவுக்குள் கோகிலா வீட்டு முன்னால் பெண்கள் வரிசை கட்டினார்கள். இன்னொன்றும் கிளம்பியது. கல்யாணப் பெண்ணுக்கு ஊர்க் கண் படாமல் இருக்க, முதலில் கோகிலா ஒரு பாடான் மூக்கா சொல்லிவிட வேண்டுமாம். அதற்கப்புறம் எவள் வயிறெரிந்து சொன்னாலும் பலிக்காதாம். ஆக நான் குழி வெட்டினேன், அவள் அதில் கிணறு இறைத்தாள். என் மிஷின் தூசி படிந்து கிடந்தது.

சந்திரமதி காக்கா வழியில் என்னைப் பார்த்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாள், ஒரு சிரிப்பு மட்டும் சிரிப்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

இப்படியே ஐந்து வருடம் போனது. ஐம்பத்தாறு பிப்ரவரியில், நாட்டுக்கு எந்தத் தேதியில் சுதந்திரம் என்பதை மலாக்கா பாடாங்கில் அறிவித்தார்கள். ஊரே அந்தத் திடலில் இருந்தது. கூட்டத்தில் என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நானும் கத்தினேன். வீட்டுக்கு வந்தால் பெட்டி இல்லை, சட்டைகள் இல்லை, புருஷனும் இல்லை. ஊருக்குத் தேதி சொன்ன அன்றைக்கே பொன்னுதுரை தன் சுதந்திரத்தைத் தானே எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் பஸ் ஏறிவிட்டான். ஜாலான் பெண்டஹாரா துணிக்கடையில் அவன் வேலை. அந்தக் கடைக்கு அடிக்கடி துணி வாங்க வந்தவள் ஒருத்தியும் கூடப் போயிருக்கிறாள். அவள் துணி வாங்கிக்கொண்டு நேரே கோகிலாவிடம் தைக்கக் கொடுத்தவள் என்பது வேறு.

காஜா பெராங்குக்குத் தீபாவளி. வேறென்ன சொல்ல? இத்தனை வருடம் நான் கொடுத்ததை மொத்தமாகத் திருப்பிக் கொடுக்க ஊருக்கு ஒரு நாள் கிடைத்தது. ராஜரத்தினம் வாத்தியார் வீட்டில் காப்பி மணந்தது. சுப்பையன் என் வாசல் முன் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனான். ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். உச்சுக் கொட்டினார்கள், எந்தப் பெட்டியை எடுத்துப் போனான், நகையையும் எடுத்தானா என்று வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்கள், போய்விட்டார்கள். படிதாண்டி நாலடி வைத்ததும் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுப்பு மூட்டவில்லை. இரண்டு நாள் மகளுக்குப் பிஸ்கட்டும் தண்ணீரும்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கதவைத் தட்டினது கோகிலா. திறந்தேன். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். முகத்தில் அதே சிரிப்பு.

“அக்கா, நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க. ஊருல யாரும் உங்களத் தப்பாப் பேசல. குழாயடியில, கடையில, எங்க போனாலும் எல்லாரும் உங்களப் பத்தி ஒரே பேச்சுதான். பாடான் மூக்கா, பாடான் மூக்கான்னு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. நான் கற்றுக்கொடுத்த பொய்யைத் தட்டில் வைத்து, வெள்ளை மனசோடு ஆறுதலாகக் கொண்டுவந்து கொடுக்கிறாளே, இந்தப் பைத்தியம்! கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியாது. மூன்று நாளில் அதுதான் முதல் அழுகை. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையைத் திருப்பிப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தாள். பிஸ்கட் தாளோடு மூலையில் உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தாள்.

“காய்ச்சல் இப்பிடி அடிக்குது, சொல்ல வேணாமா? படுங்க.”

நாலு நாள் அவள் தன் வீட்டில் தங்கவில்லை. போனால் சமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவாள், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் நான் எழுந்து உட்கார்ந்தபோது கலியாணசுந்தரமும் இன்னொரு ஆளும் கோகிலாவின் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தார்கள். என் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். “வெட்டு உங்களோடது, தையல் என்னோடது. எனக்குத் தோள் வெட்டு இன்னும் சரியா வரல” என்றாள். பொய். அவள் வெட்டில் ஒரு குறையும் கிடையாது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து தைத்தோம். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, முந்தின மாதம் புதுச் சட்டை இல்லாத வீடு கிடையாது, எங்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லை. போட்டுப் பார்க்க வருகிற பெண்களுக்கு அவள் வழக்கம்போல் பாடான் மூக்கா சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். எந்த வாயை? அவள் போட்ட சோறு போகிற வாயை. மூடிக்கொள்வேன்.

ஐம்பத்தெட்டில்தான் அந்தப் பொய் கழுத்துக்கு வந்தது.

குடியுரிமைக்கு மனுப் போடும் நேரம். மலாக்காவில் பிறந்த எனக்குக் கவலை இல்லை. கோகிலாவின் மூன்று பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள். கலியாணசுந்தரம் முந்தின வாரமே போய் வந்துவிட்டார், அவருக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. இவளைக் கூப்பிட்டு அதிகாரி மலாயில் நாலு வார்த்தை பேசிப் பார்ப்பார், பேசத் தெரிந்தால்தான் குடியுரிமைத் தாள் என்றார்கள். தாள் இல்லாதவர்களை என்றைக்காவது கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று பால்காரச் சேதுராமன் பால் ஊற்றும்போதெல்லாம் இதையும் ஊற்றிவிட்டுப் போனான். அது வதந்தியா உண்மையா என்று யாருக்குத் தெரியும்? கோகிலா இளைத்துப்போனாள்.

“நாப்பத்தஞ்சு வயசு தாண்டுனவங்கள மலாய் கேக்க மாட்டாங்களாம்க்கா. எனக்கு நாப்பத்தஞ்சுன்னு சொல்லிரவா?”

“இருபத்தொம்பது வயசுக்காரி மூஞ்சிய வச்சிக்கிட்டா?”

“அந்த அண்ணி வாசல்ல போயி மறுபடி நிக்கணுமாக்கா? புள்ளைங்க இங்க, நான் அங்கயா?” என்று கேட்டுவிட்டு மிஷினை வேகமாகச் சுற்றினாள்.

கூட ஒரு ஆள் வந்து, இவள் நல்ல நடத்தை உள்ளவள் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். அவள் என்னைக் கூப்பிட்டாள். ஏழு வருடமாக அவளை ஏமாற்றிக்கொண்டிருக்கும் நான் அவள் நடத்தைக்குச் சாட்சி!

அந்த அலுவலகத்து மாடியில் ஒரு நீள பெஞ்சு. கோகிலா வெளுத்த நீலச் சேலை கட்டி, உதட்டுக்குள் மலாய் வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நடுவில் இரண்டு முறை அதுவும் காதில் விழுந்தது. பாடான் மூக்கா. அதிகாரி முகத்தைப் பார்த்து இவள் அதைச் சொன்னால்? அவருக்கென்ன சந்திரமதி காக்கா மனசா இருக்கும்? ‘உனக்கு நல்லா வேணும்’ என்று அரசாங்கத்தைப் பார்த்துச் சொல்கிறவளுக்கு எவன் தாள் கொடுப்பான்? உள்ளே இருந்தவர் வெளியே வந்தால் அடுத்தது இவள்தான்.

“கோகி, உள்ள போயி என்ன வேணாச் சொல்லு. பாடான் மூக்கா மட்டும் சொல்லிராத.”

“ஏன்க்கா?”

“அதுக்கு அது அர்த்தம் இல்ல.” சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடி, என் பொறாமை, அரிசிப் பானை, கம்பமே சிரித்தது, அன்றைக்கு என் வாசலில் வந்து அவள் சொன்ன ஆறுதலுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்பதுவரை. “நான் பாவிடி. உன் சோத்தத் தின்னுட்டுச் சொல்லாம இருந்தேன். இங்கயே என்ன செருப்பால அடி, வாங்கிக்கறேன்.”

அவள் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டாள். “ம்” என்றாள். அவ்வளவுதான். பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் உள்ளே போனோம்.

அதிகாரி நடுத்தர வயது மலாய்க்காரர். பெயர், வீடு, எத்தனை பிள்ளைகள், எல்லாம் மலாயில் கேட்டார். கோகிலா சின்னச் சின்ன வார்த்தையாகப் பதில் சொன்னாள். என்ன வேலை என்று கேட்டார். “துக்காங் ஜாஹிட்” என்றாள், தையல்காரி. அவர் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார். போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் காட்டி, இது புதுசு, என் மனைவி தைத்தது, எப்படி இருக்கிறது, மலாயில் சொல்லு பார்ப்போம் என்றார்.

கோகிலா தையல்காரியின் பார்வையோடு அவரை மேலும் கீழும் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

“பாடான்...”

நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாரியாத்தா, இந்த வாயை வெட்டிப் போடுகிறேன், இவளைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். என் ஆயுளில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

“...டெங்கான் துவான்.”

உங்களுக்குப் பொருத்தமாக இருக்கிறது ஐயா. கச்சிதமான, மரியாதையான மலாய். அதோடு விட்டாளா? கழுத்துப் பட்டி மட்டும் அரை விரற்கடை இறுக்கம், காஜா பெராங்குக்கு அனுப்புங்கள், தளர்த்தித் தருகிறேன் என்று தொடர்ந்து மலாயிலேயே சொன்னாள். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். காலையிலிருந்து மூச்சு முட்டுகிறது, மனைவியிடம் சொல்லப் பயம் என்றார். ஏதோ எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, இந்தப் பெண்ணின் நடத்தை எப்படி என்று கேட்டார்.

“சங்காட் பாயிக், துவான்” என்றேன். ரொம்ப நல்லவள்.

மரப்படியில் இறங்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“எனக்கு வந்த ரெண்டாவது வருசமே தெரியும்க்கா.”

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“சுப்பையன் லோங்கான்ல விழுந்தப்ப புள்ளைங்க கைதட்டிக் கத்துச்சில்ல? சேத்துல கெடக்கறவனப் பாத்து, உனக்கு நல்லாப் பொருந்துதுன்னு எவனாவது சொல்லுவானா? அன்னிக்கே புரிஞ்சிருச்சு.”

“அப்புறமும் ஏன்டி சொல்லிக்கிட்டே இருந்த?”

“யாவாரம் நல்லா நடந்துச்சே. நிறுத்த நான் என்ன கேனச்சியா?”

“ஏன் எங்கிட்டச் சண்டைக்கு வரல?”

“காத்திருந்தேன்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். “உங்களுக்கும் ஒருநா வரும்னு காத்திருந்தேன். வந்துச்சு. அன்னிக்கு உங்க வாசல்ல வந்து நின்னது ஆறுதல் சொல்லன்னா நெனச்சீங்க? மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போவணும்னு வந்தேன். நீங்க குடுத்த வார்த்தையவே உங்களுக்குத் திருப்பிக் குடுக்கணும்னு. படியேறும்போது வயிறு அப்பிடிக் குளுந்துச்சுக்கா. பொய் சொல்ல மாட்டேன்.”

“அப்புறம்?”

“நீங்க அழுவீங்க, இல்ல அடிக்க வருவீங்கன்னு நெனச்சேன். சிரிச்சீங்க. சிரிச்சிக்கிட்டே கையப் புடிச்சீங்க. கை நெருப்பாச் சுட்டுச்சு. அதுக்கப்புறம் எப்பிடிப் போறது? வந்த வேலை மறந்துபோச்சு.”

பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். போகிற வருகிறவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தாளோ என்னவோ, பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். கோபமா? ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் ஒரு மணி நேரத்தில் எழுந்து போனார்கள். என் வீழ்ச்சியைக் கண்குளிரப் பார்க்க வந்தவள்தான் நாலு நாள் இருந்து கஞ்சி வைத்தாள், என் பிள்ளைக்குத் தலை வாரினாள், மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்லவளாகப் பிறந்து நல்லது செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பெரிதாகத் தோன்றியிருக்காது. அவளும் என்னைப்போல் ஒருத்திதான். என்னைப்போல் ஒருத்தி கையில் கிடைத்த கல்லைக் கீழே போட்டாள். நானாக இருந்தால் போட்டிருப்பேனா? சத்தியமாக எறிந்திருப்பேன். அதனால்தான் இந்த நன்றி எனக்குத் தீரவே இல்லை. அவளிடம் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை, சொன்னால் ஊசியை எடுத்துக் குத்துவாள்.

“உள்ள ஏன்டி அப்பிடி நிறுத்துன? எனக்கு உயிரே போயிருச்சு” என்றேன்.

“ஏழு வருசத்துக்கு அது ஒண்ணாவது வேணாமாக்கா?” என்றாள். இரண்டு பேரும் அந்தப் படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மேலேயிருந்து பியூன் எட்டிப் பார்த்தான்.

அதற்கப்புறம் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் எவனாவது மினுக்கிவிட்டு விழுந்தால் உதடு துடிக்கும். சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். ஆனால் சொன்ன கையோடு அடுப்பு எரிகிறதா என்று அந்த வீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அது கோகிலாவிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம். அவளுக்கு இப்போது கிட்டப் பார்வை போய்விட்டது. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. கம்பத்துக் கல்யாணப் பெண்கள் அந்த ஒரு வார்த்தைக்காக இப்போதும் வருகிறார்கள்.

தாள் வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். தபால்காரர் கொடுத்ததும் பிரிக்கப் பயந்து என்னிடம் ஓடி வந்தாள். வாயில் ஆறேழு குண்டூசி, எடுக்க மறந்திருந்தாள். நான் பிரித்து அவள் பெயரைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். ஊசிகளைத் துப்பிவிட்டு, தாளை இரண்டு கையாலும் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, புதுக் கெபாயா போட்டவள் மாதிரி என் முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

“எப்பிடி இருக்கு?”

“பாடான் மூக்கா” என்றேன்.

கண்ணீரோடு சந்தேகமாகப் பார்த்தாள். “எந்த பாடான் மூக்கா?”

“ரெண்டும்தான்டி. இனிமே சாகுற வரைக்கும் என் பக்கத்து வீட்லதான கெடக்கணும். நல்லா வேணும் உனக்கு.”